தலைமையாசிரியர் பயிற்சிக்கு யார் பரீட்சை வைப்பது?

பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குத் தப்பியவர்கள் யாரும் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் பரீட்சை. பிளஸ் டூ மாணவனுக்குப் பொதுத்தேர்வு. ஆசிரியர் வேலைக்கு வர வேண்டுமென்றால் தகுதித் தேர்வு. ஆனால் அந்தப் பள்ளியையே நடத்துகிற தலைமையாசிரியருக்கு அரசு செலவில் ஒரு பயிற்சி கொடுக்கப்படுகிறதே, அதற்கு ஒழுங்காக ஒரு பரீட்சை வைப்பது மட்டும் அபூர்வம்.

கவனிக்கவும். தலைமையாசிரியருக்குப் பரீட்சை வைக்கச் சொல்லவில்லை, பயிற்சிக்கு வைக்கச் சொல்கிறது இந்தக் கட்டுரை. பள்ளியில் எதையாவது மாற்றியதா, பிள்ளைகளுக்கு ஏதாவது கிடைத்ததா என்று பார்த்து, பயிற்சி பாஸா பெயிலா என்று சொல்லும் பரீட்சை.

இது சின்ன விஷயம் இல்லை. 2019 ஆகஸ்டில் மத்திய அரசு 'நிஷ்தா' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள், வட்டார அளவிலான கல்வி அலுவலர்கள் என்று சுமார் 42 லட்சம் பேருக்குப் பயிற்சி கொடுப்பது இலக்கு. பாடத்திட்டத்தில் பள்ளித் தலைமைத்துவமும் ஒரு பகுதி. ஆளுக்கு 5 நாள் என்று வைத்துக் கணக்குப் போட்டாலே 2 கோடியே 10 லட்சம் வேலை நாட்கள்! 2020 தேசியக் கல்விக் கொள்கை இன்னும் ஒரு படி மேலே போய், பள்ளித் தலைவர்கள் வருடத்துக்கு 50 மணி நேரமாவது பயிற்சி பெற வேண்டும் என்கிறது. நாட்டில் சுமார் 14.7 லட்சம் பள்ளிகள். பள்ளிக்கு ஒரு தலைமையாசிரியர் என்றால் வருடத்துக்கு ஏழு கோடி மணி நேரத்துக்கு மேல். இவ்வளவு நேரத்தைச் செலவழித்து என்ன கிடைக்கிறது என்று கேட்பதில் தப்பே இல்லை.

கடைசி நாள் சாயங்காலம்

எந்த மாவட்டத்தில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், காட்சி ஒன்றுதான். வட்டார வள மையத்தில் ஒரு ஹால். சுவரில் பேனர். முதல் நாள் காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, கையில் ஒரு ஃபைல், ஒரு பேனா. கருத்தாளர் ஸ்லைடு போட்டுப் பேசுகிறார். நடுவில் டீ, சுண்டல். குழுவாக உட்கார்ந்து சார்ட் பேப்பரில் 'நல்ல தலைவரின் பத்துப் பண்புகள்' எழுதி ஒட்டுகிறார்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுகிறார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் பின்னூட்டப் படிவம் வருகிறது. 'பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா?' மிகவும் பயனுள்ளது, பயனுள்ளது, ஓரளவு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எல்லோரும் முதல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். வேறு எதை அடிப்பார்கள்? கருத்தாளர் தெரிந்தவர். அடுத்த பயிற்சியிலும் அவரைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அறிக்கை போகிறது. இத்தனை பேர் அழைக்கப்பட்டனர், இத்தனை பேர் வந்தனர், இத்தனை சதவீதம் பேர் பயனுள்ளது என்றனர். ஃபைல் மூடப்படுகிறது.

இந்த அறிக்கையில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் பள்ளியைப் பற்றியும் இதில் ஒரு வார்த்தை இல்லை.

நான்கு படிகள்

பயிற்சிகளை எப்படி அளப்பது என்று அமெரிக்காவில் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பவர் 1959-ல் தொடர் கட்டுரைகளாக எழுதத் தொடங்கினார். அவர் சொன்னது நான்கு படிகள். முதல் படி, வந்தவருக்குப் பிடித்ததா. இரண்டாவது, ஏதாவது கற்றுக்கொண்டாரா. மூன்றாவது, திரும்பிப் போன பிறகு வேலை செய்யும் விதம் மாறியதா. நான்காவது, அதனால் நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா.

கம்பெனிகளுக்காகச் சொன்ன இந்தக் கணக்கு பள்ளிக்கும் அப்படியே பொருந்தும். மூன்றாவது படி, தலைமையாசிரியரின் அன்றாட வேலை. நான்காவது படி, பிள்ளைகளின் படிப்பு. பின்னூட்டப் படிவம் நிற்பது முதல் படியில். சில பயிற்சிகளில் முன்னும் பின்னும் ஒரு சின்ன வினாத்தாள் கொடுப்பார்கள், அது இரண்டாவது படி. அதோடு சரி. ஏணியில் இரண்டு படி ஏறிவிட்டு மாடிக்குப் போய்விட்டதாகச் சொல்வது போல.

படிகள் ஒன்றிலிருந்து ஒன்று தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். பிடித்தது என்றால் கற்றிருப்பார், கற்றார் என்றால் செய்வார், செய்தால் பிள்ளை படிப்பான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. உலகத்தில் சில இடங்களில் இதை நிஜமாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே என்ன நடந்தது?

மூன்று ஊர், மூன்று பாடம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியர் முக்கியமானவர்தான். அமெரிக்க ஆய்வுகளை எல்லாம் தொகுத்து வாலஸ் அறக்கட்டளை 2021-ல் வெளியிட்ட அறிக்கை இதைக் கணக்காகவே சொல்கிறது. சராசரிக்குக் கீழே இருக்கும் ஒரு தலைமையாசிரியரின் இடத்தில் சராசரிக்கு மேலே இருப்பவர் வந்தால், அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வருடத்தில் கணக்கில் கூடுதலாக 2.9 மாதப் படிப்பும், வாசிப்பில் 2.7 மாதப் படிப்பும் பெறுகிறார்களாம். ஆக, நல்ல தலைமையாசிரியரால் பலன் உண்டு. ஆனால் ஐந்து நாள் பயிற்சி ஒருவரை நல்ல தலைமையாசிரியர் ஆக்குமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃப்ரையர் இதைச் சோதித்தார். பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துத் தலைமையாசிரியர்களுக்கு மட்டும் இரண்டு வருடத்தில் 300 மணி நேரம் பயிற்சி. வகுப்பைப் போய்ப் பார்ப்பது, ஆசிரியருக்கு யோசனை சொல்வது, மதிப்பெண் விவரத்தை வைத்துப் பாடம் திட்டமிடுவது ஆகியவை பாடம். 2017-ல் முடிவு வந்தது. முதல் வருடம் பிள்ளைகளின் மதிப்பெண் நன்றாகவே ஏறியது. இரண்டாம் வருடம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை! காரணம் என்ன என்று பார்த்தால், தலைமையாசிரியர்கள் மாறிப் போவது. இரண்டு வருடமும் அதே பள்ளியில் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டவர்களின் பள்ளிகளில் பலன் பெரிதாகத் தெரிந்தது. போய்விடுவார்கள் என்று கணிக்கப்பட்டவர்களின் பள்ளிகளில் தெரியவில்லை.

மெக்சிகோவில் 1,198 அரசுத் தொடக்கப் பள்ளிகள். இங்கே கேள்வி வேறு. தேர்ந்த பயிற்சியாளர்கள் நேரடியாக வந்து சொல்லிக் கொடுப்பது நல்லதா, அல்லது ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்து அவர் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது போதுமா? இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, நேரடிப் பயிற்சி பெற்ற பள்ளிகளில் நிர்வாகத் திறன் கொஞ்சம் கூடியிருந்தது. ஆனால் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. அதாவது மூன்றாவது படி ஏறியாயிற்று, நான்காவது படி ஏறவில்லை. நிஷ்தாவும் முதலில் திட்டமிடப்பட்டது இந்த 'கைமாற்றி விடும்' முறையில்தான். தேசிய அளவில் 120 கருத்தாளர்கள், அவர்களிடம் கற்ற சுமார் 33 ஆயிரம் பேர், அவர்களிடமிருந்து 42 லட்சம் பேர். மேலே ஊற்றிய பால் கீழே வரும்போது எவ்வளவு தண்ணீராகிறது என்று பார்க்க வேண்டாமா?

மூன்றாவது ஊர் இந்தியாவிலேயே இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் பள்ளி நிர்வாகத்தை மேம்படுத்த ஒரு பெரிய திட்டம். ஒவ்வொரு பள்ளியும் தன்னைத்தானே மதிப்பிட வேண்டும். அதை வைத்துப் பள்ளிக்கென்று தனியாக ஒரு முன்னேற்றத் திட்டம் தயாரிக்க வேண்டும். கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் இதை ஆயிரக்கணக்கான பள்ளிகளில் குலுக்கல் முறையில் ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். மதிப்பீடுகள் ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் முடிந்தன. அவை வெறும் சடங்காகவும் இல்லை, பள்ளியின் நிலையை ஓரளவு சரியாகவே காட்டின. திட்டங்களும் எழுதப்பட்டன. ஆனால் பள்ளி நடக்கும் விதத்திலோ, பிள்ளைகளின் கற்றலிலோ எந்த மாற்றமும் இல்லை.

கதையின் உச்சக்கட்டம் இதற்கு அப்புறம்தான். திட்டம் வெற்றி என்றே கருதப்பட்டு, நாடு முழுக்க ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. ஏன்? காகிதத்தில் எல்லாம் நடந்திருந்தது. படிவங்கள் நிரம்பியிருந்தன. மேலே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது படிவங்கள் மட்டுமே.

இந்த மூன்று பாடங்களும் சொல்வது ஒன்றுதான்: பயிற்சி பலன் தரலாம், தராமலும் போகலாம். பார்க்காமல் சொல்ல முடியாது.

சரி, எப்படிப் பார்ப்பது?

தமிழ்நாட்டில் அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு அடுத்து ஒரு தலைமைத்துவப் பயிற்சி வரும்போது, அதனோடு சேர்த்தே இப்படி ஒரு மதிப்பீட்டை வைக்கலாம். கீழே இருப்பது ஒரு யோசனை. திருத்தலாம், மாற்றலாம்.

*முதலில், குலுக்கல்.* மூன்று மாவட்டங்கள், மாவட்டத்துக்கு 200 பள்ளிகள், ஆக 600. ஒன்றியம் வாரியாகக் குலுக்கிப் போட்டு 200, 200, 200 என்று மூன்று குழுக்கள். முதல் குழுவுக்குப் பயிற்சி மட்டும். இரண்டாவது குழுவுக்கு அதே பயிற்சி, கூடவே மாதம் ஒரு முறை அனுபவமுள்ள ஒருவர் பள்ளிக்கே வந்து உட்கார்ந்து பேசுவார். மூன்றாவது குழு இரண்டு கல்வியாண்டு காத்திருந்து பிறகு பயிற்சி பெறும்.

எதற்குக் குலுக்கல்? 'பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின்' என்று பார்த்தால் போதாதா? போதாது. ஜூனில் தைத்த சட்டை மார்ச்சில் பிள்ளைக்குப் பிடிப்பதில்லை. பிள்ளை வளர்ந்ததற்காகத் தையல்காரரைப் பாராட்ட முடியுமா? அது போலத்தான் வாசிப்பும். ஒரு வருடம் பள்ளிக்கு வந்தாலே கொஞ்சம் கூடும். பயிற்சியால் எவ்வளவு கூடியது என்று தெரிய, பயிற்சி இல்லாத அதே மாதிரிப் பள்ளி பக்கத்தில் வேண்டும்.

'ஆர்வமுள்ள தலைமையாசிரியர்களை முதலில் அழைப்போம்' என்பதும் சரிப்படாது. ஆர்வமுள்ளவர் பயிற்சி இல்லாமலேயே நன்றாகச் செய்பவர். அவர் பள்ளியின் பெருமை பயிற்சியின் கணக்கில் ஏறிவிடும்.

*இரண்டாவது, தலைமையாசிரியரின் ஒரு நாள்.* பயிற்சிக்கு முன்பு ஒரு முறை, பிறகு வருடத்துக்கு இரண்டு முறை, ஒருவர் காலை முதல் மாலை வரை தலைமையாசிரியருடன் இருந்து அரை மணிக்கு ஒரு தடவை அவர் என்ன செய்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். காலை உணவுத் திட்டத்தைக் கவனித்தல், எமிஸ் தளத்தில் பதிவேற்றம், அலுவலகத்திலிருந்து வரும் போன், பெற்றோருடன் பேச்சு, தன் வகுப்பு, மற்ற ஆசிரியரின் வகுப்பைப் பார்த்தல்... இப்படி.

இது ஏன் முக்கியம் என்றால், தலைமைத்துவப் பாடங்கள் தனி அறையும் கிளார்க்கும் உள்ள ஒரு தலைமையாசிரியரை மனதில் வைத்து எழுதப்பட்டவை போலவே இருக்கும். தொடக்கப் பள்ளி ஹெச்.எம்.முக்கு அதெல்லாம் ஏது? ஈராசிரியர் பள்ளியில் அவரே இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறார். அவரிடம் போய் 'வாரம் இரண்டு வகுப்புகளைக் கவனித்துக் குறிப்பு எழுதுங்கள்' என்றால், அவர் பிள்ளைகளை யார் பார்ப்பது? பயிற்சி தோற்றால், பாடம் மோசமா அல்லது செய்வதற்கு நேரமே இல்லையா என்று இந்த நாட்குறிப்பு சொல்லிவிடும். தோல்வி என்று மட்டும் சொல்லும் மதிப்பீடு யாருக்கும் உதவாது. எங்கே அறுந்தது என்று காட்ட வேண்டும்.

*மூன்றாவது, ஆசிரியர்களைக் கேட்பது.* 'நீங்கள் வகுப்புகளைக் கவனிக்கிறீர்களா?' என்று தலைமையாசிரியரைக் கேட்டால் 'ஆமாம்' என்பார். மனித சுபாவம். ஆசிரியரிடம், 'கடந்த ஒரு மாதத்தில் உங்கள் ஹெச்.எம். எத்தனை முறை உங்கள் வகுப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தார்? அப்புறம் என்ன சொன்னார்?' என்று தனியாகக் கேட்க வேண்டும்.

*நான்காவது, பிள்ளைகள்.* பள்ளி மதிப்பெண்ணை எடுக்கக் கூடாது, ஏனென்றால் அதைப் போடுவதும் பள்ளிதான். பிரதம் அமைப்பு 2005 முதல் 'அசர்' ஆய்வில் பயன்படுத்தும் முறை எளிமையானது: பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, எழுத்து, வார்த்தை, சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை என்று படிக்கச் சொல்வது. கூடவே கழித்தல், வகுத்தல். ஒரு பள்ளிக்கு இருபது பிள்ளைகள் போதும். வெளியாட்கள் செய்ய வேண்டும்.

இதெல்லாம் தமிழ்நாட்டில் நடக்கிற காரியமா என்று சந்தேகம் வரலாம். நடந்திருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு, தமிழகக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். பள்ளிகள் திறந்து ஆறு மாதத்தில், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் வந்தது என்றும் கண்டார்கள். அந்த ஒரு எண் ஆயிரம் பாராட்டு விழாக்களுக்குச் சமம். தலைமையாசிரியர் பயிற்சிக்கும் அப்படி ஒரு எண் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

*ஐந்தாவது, செலவுக் கணக்கு.* சாப்பாடு, வண்டிச் சத்தம், கருத்தாளர் மதிப்பூதியம் மட்டும் செலவு இல்லை. ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியர் ஐந்து நாள் பயிற்சிக்குப் போனால், ஐந்து நாள் ஒற்றை ஆசிரியர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்கிறார். பிள்ளைகள் கொடுக்கும் அந்த விலையையும் கணக்கில் எழுத வேண்டும்.

*ஆறாவது, முன்கூட்டியே எழுதி வைப்பது.* எதை அளக்கப் போகிறோம், எவ்வளவு மாற்றம் வந்தால் வெற்றி, வராவிட்டால் என்ன செய்வோம் என்று பயிற்சி தொடங்கும் முன்பே எழுதி வெளியிட வேண்டும். இல்லாவிட்டால், அம்பு எய்த பிறகு அதைச் சுற்றி வட்டம் வரைகிற கதையாகிவிடும். பலன் பூஜ்யம் என்று வந்தாலும் வெளியிட வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

வரக்கூடிய ஆட்சேபங்கள்

'குலுக்கல் அநியாயம் இல்லையா? 200 பள்ளிகளைக் காத்திருக்க வைப்பதா?' என்று கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் பயிற்சி கொடுக்க எந்த மாவட்டத்திலும் ஹாலும் இல்லை, கருத்தாளரும் இல்லை. இப்போதும் அணி அணியாகத்தான் போகிறார்கள். யார் முதல் அணி என்பதை இப்போது யாரோ முடிவு செய்கிறார்கள், அதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பம் அதிகமானால் தனியார் பள்ளியில் குலுக்கல்தானே போடுகிறார்கள்? முதலாம் பராந்தகன் காலத்திலேயே உத்திரமேரூரில் ஊர்ச் சபைக்குக் குடவோலை போட்டு ஆள் எடுத்ததைப் பாடப் புத்தகத்தில் படித்த தலைமுறைக்குக் குலுக்கல் புதுசு இல்லை. தவிர, பயிற்சி நல்லதா என்றே தெரியாதபோது, காத்திருப்பவர்கள் எதையாவது இழக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது?

'தலைமையாசிரியர்களை வேவு பார்ப்பதா?' இது நியாயமான பயம். அதற்கு வழி உண்டு. நாட்குறிப்பு எடுப்பவர் வட்டாரக் கல்வி அலுவலராகவோ துறையின் ஆளாகவோ இருக்கக் கூடாது. பள்ளியின் பெயர், தலைமையாசிரியரின் பெயர் எதுவும் துறைக்குப் போகக் கூடாது. பணிப் பதிவேட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எழுத்தில் தர வேண்டும். பரீட்சை எழுதுவது பயிற்சி, தலைமையாசிரியர் அதன் விடைத்தாள் இல்லை, சாட்சி. சங்கங்களையும் முதல் நாளிலிருந்தே கூட்டி வைத்துப் பேசினால், எதிர்ப்பதை விட ஆதரிக்கவே வாய்ப்பு அதிகம். பயனில்லாத பயிற்சிகளால் அலுத்துப் போனவர்கள் அவர்கள்தான்.

'தலைமையாசிரியர் மாறுதலில் போய்விட்டால்?' போவார்கள். கலந்தாய்வு வருடா வருடம் வருகிறது. பணிமூப்பில் பதவி உயர்வு வருவதால், பலர் அந்த நாற்காலியில் உட்காருவதே ஓய்வுக்குச் சில வருடங்கள் இருக்கும்போதுதான். அதனால், தலைமையாசிரியர் எங்கே போனாலும், முதலில் குலுக்கலில் வந்த பள்ளியையே தொடர்ந்து அளக்க வேண்டும். எத்தனை பேர் போனார்கள் என்பதையும் எழுத வேண்டும். ஹூஸ்டன் பாடம் இங்கேயும் உண்மை என்று தெரிந்தால், 'பயிற்சி பெற்றவரை மூன்று வருடமாவது அதே பள்ளியில் வைத்திருங்கள்' என்று ஆதாரத்தோடு கேட்கலாம். பயிற்சியை மாற்றுவதை விட அது மலிவான சீர்திருத்தம்.

'600 பள்ளி போதுமா?' பெரிய பலன் இருந்தால் தெரியும். ரொம்பச் சின்னப் பலன் தெரியாமல் போகலாம். பாதி அளவுப் பலனைக் கண்டுபிடிக்க நான்கு மடங்கு பள்ளிகள் வேண்டும் என்பது புள்ளியியல் கணக்கு. அந்த எல்லையையும் முன்பே சொல்லிவிட வேண்டும். 'தெரியவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றில்லை.

'இதற்கு ஆகும் செலவில் இன்னும் நாலு பயிற்சி நடத்தலாமே?' நடத்தலாம். அந்த நாலும் பயனில்லை என்றால்?

பெயிலானால் என்ன?

கடைசியாக ஒரு விஷயம். இந்த யோசனை நடக்காமல் போனால், அதற்குக் காரணம் பணமோ, புள்ளியியலோ இருக்காது. பயம்தான் இருக்கும். பயிற்சி பெயிலாகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம்.

ஒரு பிள்ளை கணக்கில் பெயிலானால் ஆசிரியர் என்ன சொல்கிறார்? 'எங்கே தப்பு விட்டாய், காட்டு' என்கிறார். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்து, தப்பான வரியைச் சுழித்துக் காட்டுகிறார். அடுத்த தடவை சரியாகப் போட வேண்டும் என்பதற்குத்தான் அந்தச் சிவப்பு மை. பிள்ளைகளிடம் தினமும் இதைச் சொல்லும் துறை, தன்னுடைய விடைத்தாளை மட்டும் திருத்தாமல் மடித்து வைத்துக்கொள்வது என்ன நியாயம்?

மாதாந்திர சந்திப்பு இருந்த பள்ளிகளில் மட்டும் பலன் தெரிந்தால், பேனரையும் ஃபைலையும் குறைத்துவிட்டு அந்தப் பணத்தில் ஆட்களைப் பள்ளிக்கு அனுப்பலாம். இரண்டிலும் பலன் இல்லை, ஆனால் ஹெச்.எம்.மின் நாளில் பாதி பதிவேற்றத்தில் போகிறது என்று தெரிந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு ஒன்றியத்துக்கு நாலு டேட்டா என்ட்ரி ஆட்களைப் போடலாம். பலன் நன்றாகவே இருந்தால், தைரியமாக 38 மாவட்டத்துக்கும் கொண்டு போகலாம். மூன்றில் எது வந்தாலும் லாபம்தான். நஷ்டம் என்பது எதுவும் தெரியாமல் அடுத்த வருடமும் அதே ஹாலில் அதே சார்ட் பேப்பரை ஒட்டுவதுதான்.

அந்த ஐந்து நாளும், எங்கோ ஓர் ஈராசிரியர் பள்ளியில், ஹெச்.எம். இல்லாத வகுப்பில் முப்பது பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். 'சார் எங்கே?' என்று கேட்டால் 'டிரெய்னிங் போயிருக்காரு' என்பார்கள். திரும்பி வரும்போது சார் அவர்களுக்கு என்ன கொண்டு வருகிறார் என்று யாராவது ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.